கொழும்புக் குப்பியும் ஆஸ்பத்திரிப் பொட்டலமும்

எனக்கு வந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உம்மா அதை "அந்தச் சொகக்கேடு" என்பார். என் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் "ஒன் ஒடம்புக்கு" என்று ஆரம்பித்து அதோடு நிறுத்திக்கொள்வார். ஆனால் மருந்தின் பெயரை எல்லோரும் தாராளமாகச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வைத்த பெயர் அது. அத்தர் குப்பியின் பெயர் மாதிரி இருக்கும். என் மூத்த பிள்ளைகூட அதை ஒரு பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு கூடத்தில் ஓடுவான். பக்கத்து வீட்டார் கேட்டால், "சத்து மாத்திரை, கொழும்புலேருந்து வருது" என்போம். போகப் போக எங்களுக்குள்ளும் அது கொழும்பு மாத்திரை ஆகிவிட்டது.

எங்கள் கீழக்கரையில் கல்யாணமான பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து போவார். ஊர் ஆண்களில் பாதிப் பேர் இலங்கையில் கடை வைத்திருந்த காலம், அதனால் வருவதும் எப்போதோ ஒருமுறைதான். மச்சான் கொழும்பில் ஒரு சாமான் கடையில் பங்குக்காரராக இருந்தார். நான் உம்மாவோடும் என் தங்கச்சியோடும் இருந்தேன். வாப்பா மௌத்தாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. மச்சானின் உம்மா, என் மாமி, இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டில் இருந்தார்.

இரண்டாவது பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வரத் தொடங்கியது. பிறகு இருமல். ஒருநாள் காலையில் முகம் கழுவும்போது துப்பியதில் சிவப்பாக இருந்தது. நான் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவை உம்மா பார்த்துவிட்டார். மதுரைக்கு அழைத்துப்போனார்கள். அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, காசம் என்று சாதாரணமாகச் சொன்னார். உம்மா துப்பட்டியின் ஓரத்தை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் வெளியே போனால் தலை முதல் கால் வரை மூடிக்கொள்ளும் வெள்ளைத் துணிதான் துப்பட்டி. அன்றைக்கு உம்மா அதற்குள் அழுதுகொண்டே இருந்தது எனக்குத் தெரியும். துணி அசைந்துகொண்டிருந்தது.

"முன்னாடி மாதிரி இல்லம்மா. இப்ப மாத்திரை வந்திருக்கு" என்றார் டாக்டர். "ஒருநாள்கூட விடாம ஒன்றரை வருஷம் சாப்பிடணும். ஊசியும் கொஞ்ச நாள் போடணும். மாத்திரை வெளிநாட்டு மருந்து. இங்க கிடைக்கிறது கஷ்டம். கொழும்புல ஆள் இருந்தா வரவழைச்சுக்குங்க."

ஆள் இருந்தார். அதனால் குப்பி வரத் தொடங்கியது.

அந்த வருஷங்களில் நான் பட்ட வெட்கத்தை இப்போது நினைத்தால் அது நோயைவிடப் பெரிதாகத் தெரிகிறது. எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை, தனிப் பாய். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் கல்யாண விருந்தில் பெரிய சஹன் தட்டில் சோற்றைப் போட்டு நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அதற்கு எப்படிப் போவது? போனால் அடுத்தவளுக்கு ஆபத்து. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். நோன்பு என்று சொல்வேன், வயிற்றுவலி என்று சொல்வேன். நானும் எத்தனை நோன்புதான் வைக்க முடியும்? கடைசியில் கல்யாண வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதே நான் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. என் இருமல் வாசல் வரை கேட்கக்கூடாது என்று தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வேன். இளைய பிள்ளை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று "உம்மா, தூக்கு" என்று கையை நீட்டுவான். தங்கச்சி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவாள்.

மச்சான் குப்பியைக் கப்பலில் வரும் ஊர்க்காரர்களிடம் கொடுத்துவிடுவார். தலைமன்னாரில் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து ரயில் ஏறி வருகிற ஆண்கள் அவர்கள். நேரே மருமகள் வீட்டுக்கு வந்து கொடுப்பது மரியாதையில்லை என்று மாமியின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமிதான் அதைத் துப்பட்டிக்குள் மறைத்து எங்கள் வீட்டுக்கு எடுத்துவருவார்.

மாமி உயரமானவர். பாய்மரக் கப்பல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர், அந்தக் கப்பல்கள் போய் எவ்வளவோ காலமானாலும் நடையில் அது இருந்தது. வந்தால் கட்டிலின் கால்மாட்டில் குப்பியை வைத்துவிட்டு, வாசலை ஒட்டிப் போய்த் தள்ளி உட்கார்வார். முகத்துத் துணியை எடுக்கமாட்டார். உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தால் தொடமாட்டார். "நா இப்பத்தான் குடிச்சேன்" என்பார். பிள்ளைகள் ஓடிப்போய் மடியில் ஏறினால், "போங்க, அங்கன போய் வெளையாடுங்க" என்று விலக்கிவிடுவார்.

என்னைப் பார்த்து அருவருக்கிறார் என்றே நினைத்தேன். என் வீட்டுத் தண்ணீர்கூட அவருக்கு ஆகவில்லை, என் வயிற்றில் பிறந்ததால் பேரப்பிள்ளைகள்கூட ஆகவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் வரை இருமல் வராதபோதும் வாயைத் துணியால் மூடியபடியே இருப்பேன். அவர் எழுந்து போனதும்தான் மூச்சு விடுவேன்.

ஆரம்பத்தில் வந்த குப்பிகளின் தகர மூடியைத் திறக்க உம்மாவுக்குக் கை வலிக்கும். உள்ளே கழுத்து வரை நீளமான வெள்ளைப் பஞ்சு, சுருட்டி அடைத்தது. அதை இழுத்தால் மாத்திரை தெரியும். சில மாதம் கழித்து வந்த ஒரு குப்பி லேசாகத் திருகியதும் திறந்துகொண்டது. உம்மா பஞ்சை இழுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது இலவம்பஞ்சு" என்றார். "தலகாணிப் பஞ்சு. கம்பெனிக்காரன் இத வப்பானா?"

மாத்திரையும் வழக்கமான அளவுக்கு இல்லை.

அடுத்த குப்பியும் அப்படித்தான் வந்தது. உம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "யாருக்கோ எடுத்துக் குடுக்குறாங்க. இல்லேன்னா விக்கிறாங்க. பணக்கார வீட்டுல யாருக்காச்சும் இந்தச் சொகக்கேடு வந்திருக்கும், காசக் குடுத்திருப்பாங்க."

"உம்மா, மெதுவாப் பேசுங்க. மாமி அப்படிச் செய்யமாட்டாங்க."

"அப்ப மாத்திரைக்குக் காலு மொளச்சுப் போயிருச்சா?"

கேட்கவும் முடியாது. மாமியிடம் அதைக் கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு? மச்சானுக்குச் சொல்லலாம் என்றாலும், பெற்றவரைப் பற்றி எப்படிச் சொல்வது? அடுத்த குப்பி வரும் முன்னால் மாத்திரை தீர்ந்துவிடும் என்று தெரிந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட ஆரம்பித்தேன். விட்டுப்போயிருந்த சாயங்காலக் காய்ச்சல் திரும்ப வந்தது. உடம்பு சூடாகும்போதெல்லாம், வாங்கிக் கொடுக்கிற மருந்தைத் தின்றுவிட்டும் தேறாமல் கிடக்கிறோமே என்று கூசும். மச்சான் எங்கோ கடல் தாண்டி நின்று உழைத்து அனுப்புகிறார். நான் இங்கே இருமிக்கொண்டிருக்கிறேன்.

பிறகு கொழும்பில் விசா கெடுபிடி வந்தது. நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். மச்சானும் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து முதலில் ஒரு குப்பியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். மூடி இறுக்கமாக இருந்தது. அவரே திறந்தார். கழுத்து வரை நீளமான வெள்ளைப் பஞ்சு. உம்மா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தக் குப்பி தீரப்போகும் சமயம் மச்சான் காலிக் குப்பி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் போனார். அங்கே பஜாரில் பெரிய மருந்துக்கடை ஒன்று இருந்தது. மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தார். அன்றைக்கு மகனைப் பார்க்க மாமியும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார், வழக்கம்போல வாசலோரம். மச்சான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"குப்பியக் காமிச்சேன். இது இனிமே வராது பாய்ங்கிறான். இறக்குமதிக்குத் தடையாம். மெட்ராஸ்ல எவன்கிட்டயாச்சும் பதுக்குன சரக்கு இருந்தா உண்டாம், அதுக்கு அவன் சொல்ற வெலைக்கு நா மறுபடி கொழும்புக்குத்தான் போகணும்."

"அப்ப?" என்றார் உம்மா.

"உள்ள இருக்க மருந்து இங்கயே செய்யறாங்களாம். பம்பாயில. அதுக்கு இந்தப் பேரு இல்லையாம், மருந்தோட சொந்தப் பேருலயே வருதாம். ஐசோநியாசிட். கவருமெண்டு ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்குறான், போய் வரிசையில நில்லுங்கங்கிறான். கடையில நாலு பேரு இருக்கையில சத்தமாச் சொல்றான்!"

அவர் முகம் சிவந்திருந்தது. மருந்து இல்லை என்பதைவிட 'போய் நில்லுங்க' என்றது அவரைச் சுட்டுவிட்டது.

உம்மாவும் பொங்கினார். "ஜகாத் குடுத்த வீடு இது. நாம போய்த் தர்ம மாத்திரை வாங்குறதா? வெள்ளக்காரன் மாத்திரைக்குக் கேட்ட ஒடம்பு, இதுக்குக் கேக்குமா?"

எனக்கு வேறு பயம். அந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் ஒன்றும் புரியாது, சத்து மாத்திரை என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த வெறும் பெயர் அப்படி இல்லை. ஐசோநியாசிட்டைச் சுருக்கி ஐ.என்.எச். என்பார்கள், அப்படிச் சொன்னாலே டி.பி. என்று பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரியும். இதுவரை ஒரு பெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன். இனி ஒளிய இடமில்லை.

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். அவர்தான் முதலில் மறுப்பார் என்று எனக்கு நிச்சயம்.

"ஒரே மருந்துதானாமா?" என்று கேட்டார் மாமி.

"ஒண்ணுதாங்கிறான்" என்றார் மச்சான்.

"எந்தக் கெழமை குடுக்குறாங்களாம்?"

"திங்கக்கெழமை."

"ஆளப் பாக்கணுமாமா, சீட்டக் குடுத்தனுப்புனா போதுமாமா?"

"ஆள் போகணுமாம்."

மாமி துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "போகட்டும்பா. மாத்திரை மாத்திரைதானே" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். இத்தனை அக்கறையாகக் கேட்டாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன். அவரைப் பற்றி உம்மாவும் நானும் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து முகம் சுட்டது.

திங்கட்கிழமை உம்மாவும் நானும் துப்பட்டி போட்டுக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினோம். மச்சான் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்து வந்து, ஆஸ்பத்திரி வாசலில் எங்களை விட்டுவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். அவரால் உள்ளே வர முடியவில்லை. நான் அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கே கால் வரவில்லை. நீண்ட தாழ்வாரம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து வயல்வேலைக்காரர்கள், நயினார்கோவிலிலிருந்து தூக்குச்சட்டியோடு வந்த ஒரு அம்மாள், எலும்பும் தோலுமாக ஒரு ராமேஸ்வரத்து மீன்காரர். வரிசையில் எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத் துணி போர்த்திய எங்களைப் பார்த்து ஒருவர் விலகி இடம் விட்டார். அந்த மரியாதையும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் பொறுமையானவர். ஒரு கையில் எங்கள் குப்பியில் மிஞ்சியிருந்த மாத்திரையையும் மறு கையில் அவர்களுடைய மாத்திரையையும் வைத்துக் காட்டினார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. அது கம்பெனிக்காரன் கூப்பிடுற பேரு, இது மருந்தோட பேரு. முன்னாடி அவன் மட்டும் கொண்டுவந்து வித்தான், இப்ப நம்மாளுகளே செய்யறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பழைய பேப்பரில் மடித்த பொட்டலத்தைக் கொண்டுவந்தேன். நம்பிக்கை வரவில்லை. முதல் சில நாட்கள் இருமல் கூடியதாகவே தோன்றியது. உம்மா அந்த மாத்திரைகளைப் பழைய குப்பியில் போட்டு மேலே அந்த வெள்ளைப் பஞ்சையே வைத்து மூடினார். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால் கொழும்பு மாத்திரை என்றே நினைக்கட்டும் என்று. எனக்கும் அதிலிருந்து எடுத்துச் சாப்பிட்டபோது மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. எப்படியோ, கொஞ்ச நாளில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது.

சில வாரங்கள் இப்படிப் போய்வந்தோம். ஒரு திங்கட்கிழமை டாக்டர் வர நேரமாகிவிட்டது. காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்தவர்களும் பின்னால் வந்தவர்களும் ஒன்றாகக் காத்துக்கிடந்தோம். தாழ்வாரத்தின் கடைசியில் சுவரைப் பார்த்தபடி இன்னொரு வெள்ளைத் துப்பட்டி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வேலைக்காரி போல ஒருத்தி. எங்கள் ஊர்க்காரியாக இருக்கும் என்று பட்டதும் நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கும் என்னைத் தெரியவேண்டாம், எனக்கும் அவளைத் தெரியவேண்டாம்.

கம்பவுண்டருக்கு ஆட்களின் பெயரைக் கூப்பிடுகிற பொறுமை கிடையாது. ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"கீழக்கரை! கீழக்கரை டி.பி. கேஸ் யாரும்மா? எந்திரிச்சு வாங்க!"

தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்தேன். அந்தக் கடைசியில் இருந்த துப்பட்டியும் எழுந்தது.

"ரெண்டு பேரா?" என்றார் கம்பவுண்டர். "ரெண்டு பேரும் ஒரே வீடா?"

"இல்ல" என்றது அந்தத் துப்பட்டி.

ஒரே ஒரு சொல்தான். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்கும் அந்தக் குரல் தெரிந்துவிட்டது. அந்த உயரமும் தெரிந்துவிட்டது. மாமி என் பக்கம் திரும்பினார். முகத்துத் துணிக்குள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்தது, உடனே கீழே போய்விட்டது. அவர் கண்ணைத் தாழ்த்தி நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் அங்கே இல்லாமல் இருந்திருக்கக்கூடாதா என்று தோன்றியது. அப்படியே திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

பொட்டலம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு சிமெண்டு மேடை. மாமி வேலைக்காரியைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு அதில் உட்கார்ந்தார். மச்சான் எதிரே டீக்கடையில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். மாமி முதலில் அந்தப் பக்கம் பார்த்தார்.

"அவன் பாக்கலியே?"

"இல்ல மாமி."

"குப்பியிலேருந்து எடுத்தது நாந்தான்" என்றார். வேறு முன்னுரை ஏதும் இல்லை. "யாருக்கும் குடுக்கல. விக்கல. நாந்தான் தின்னேன்."

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மாமியை அவர் அக்கா முறை வைத்து லாத்தா என்றுதான் கூப்பிடுவார். "லாத்தா, ஒங்க மகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு ரெண்டு குப்பி அனுப்பியிருப்பாரே! எம்புள்ள ஒருநாள் விட்டு ஒருநாள் தின்னு காய்ச்சல்ல கெடந்துச்சே!"

மாமி தலையை ஆட்டினார். "என்னன்னு சொல்றது? எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. மூத்த பேரன் பொறந்தப்பவே எனக்கு இருமல் இருந்துச்சு. பனிக்கு வந்ததுன்னு நெனச்சேன். இவளுக்கு மதுரையில சொன்னப்பத்தான் எனக்கும் அதேதான்னு வெளங்குச்சு. இவ பக்கத்துலயே படுத்து நாந்தானே பிரசவம் பாத்தேன், நாப்பது நாளும். இவளுக்கு எங்கேருந்து வந்திருக்கும்? ஒன் பொஞ்சாதிக்கு நாந்தாம்பா குடுத்தேன்னு எம்மகன்கிட்ட என் வாயால சொல்லவா?"

அதன் பிறகு அவர் அழுதார். சத்தமில்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே. தேத்தண்ணியைத் தொடாததும், தள்ளி உட்கார்ந்ததும், பிள்ளைகளை மடியிலிருந்து விலக்கியதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் மாத்திரையை எடுத்தது எடுத்ததுதான். அந்தக் காய்ச்சல் நாட்கள் என் உடம்புக்குத் தெரியும். கோபப்பட எனக்கு உரிமை இருந்தது. கோபம் வரவில்லை. வந்ததெல்லாம் வெட்கம்தான். பெரிய மனுஷி ஒருத்தி நடுரோட்டோரம் உட்கார்ந்து என்னிடம் இதைச் சொல்லவேண்டி வந்துவிட்டதே என்ற வெட்கம். "வெயில் ஏறுது மாமி, பஸ் வந்துரும்" என்றேன்.

மச்சானுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் மாமியார் மருமகள் என்று கம்பவுண்டர் மூலம் டாக்டரே தெரிந்துகொண்டு, இரண்டு வீட்டிலும் எல்லோரையும் அழைத்துவந்து சோதிக்கச் சொன்னார். அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. தங்கச்சிக்கும் உம்மாவுக்கும் ஒன்றுமில்லை. அன்றைக்கு மச்சான் தன் உம்மாவைத் தாழ்வாரத்தில் பார்த்தார். ஊர் திரும்பியதும் மாமி வீட்டுக் கிணற்றடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். "யாருகிட்டேருந்து யாருக்கு வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும், சும்மா இருங்க உம்மா" என்று மட்டும் சொன்னாராம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து டீக்கடைக்குப் போகாமல் எங்கள் இரண்டு பேருக்கும் முன்னால் அவரே வரிசையில் உட்கார்ந்தார்.

அந்த வரிசை எங்களைக் காப்பாற்றியது, காட்டியும் கொடுத்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் திங்கட்கிழமைதோறும் இரண்டு துப்பட்டிகள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? தங்கச்சிக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தேத்தண்ணியை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணம் வேண்டாம் என்று இருக்கிறார்கள் என்றார். வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் போனபின் நான் தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளே என் அறைக்கு வந்தாள். "லாத்தா, மாத்திரை தின்னியா?" என்று கேட்டாள். அதையும் நான்தான் தாங்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் தொண்டிப் பக்கம் நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி அவள் பிறந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஊருக்கே போக வேண்டி வந்தது. பஸ் ஏறும்போது என் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்களை வளர்த்தவள் அவள்தானே.

மாமியும் நானும் சேர்ந்தே போய்வந்தோம். வழியில் அந்தப் பேச்சை இருவரும் எடுத்ததில்லை. மீன் விலை பேசுவோம், பிள்ளைகளின் ஓதல் பேசுவோம். ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பொட்டலம் கொடுத்தார்கள், எனக்கு இருப்பு இல்லை, வியாழக்கிழமை வா என்றார்கள். மாமி அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் முந்தானையில் கொட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் அவருக்குக் கூசும் என்று தெரியும்.

பிறகு எங்கள் ஊரிலிருந்தே சிலர் வந்தார்கள். எப்போதும் கொல்லைப்புறமாக. விருந்துக்குக் கூப்பிடாமல் விட்ட வீட்டிலிருந்துகூட ஒருத்தி வந்தாள். "தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு வேணும். எந்தக் கெழமை போகணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு இருமினாள். சொன்னேன். மருந்தின் வெறும் பெயரையும் சொல்லிக் கொடுத்தேன், கடையில் யாரும் ஏமாற்றிக் குப்பியை விற்றுவிடாதபடி. தெருவில் பார்த்தபோது அவள் என்னைத் தெரியாதவள் போலப் போனாள். நானும் அப்படியே போனேன்.

ஒன்றரை வருஷம் கழித்து டாக்டர் புது எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனி மாத்திரை வேண்டாம்மா" என்றார். மாமிக்கு அதற்குச் சில மாதம் பிந்தி அதையே சொன்னார். அவருக்கு ஒரு பக்கத்து நுரையீரல் சுருங்கிப்போயிருந்தது, மாடிப்படி ஏறினால் கடைசி வரை மூச்சு வாங்கும். ஆனாலும் நல்லபடியாகப் பல வருஷம் இருந்தார்.

மாமிக்குச் சொன்ன அன்று மச்சான் சந்தோஷம் தாங்காமல் ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறையத் தொதல் வாங்கிவந்தார். தேங்காய்ப்பாலில் கிண்டிய எங்கள் ஊர்க் கறுப்பு அல்வா அது. நல்ல காரியம் நடந்தால் தெரு முழுக்கக் கொடுப்பது வழக்கம். தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"என்னன்னு சொல்லிக் குடுக்குறது மாப்புள?" என்று கேட்டார் உம்மா.

மச்சான் கையில் கத்தியோடு யோசித்தார். பிள்ளை பிறந்தது என்று சொல்ல முடியாது. வீடு வாங்கினோம் என்று சொல்ல முடியாது. பிழைத்துக்கொண்டோம் என்பதை எங்களால் வாசலுக்கு வெளியே சொல்ல முடியவில்லை. அவர் மெல்லத் தட்டுகளைத் திரும்ப அடுக்கினார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து நாங்களே சாப்பிட்டோம். மாமி முகத்துத் துணியை எடுத்துவிட்டு, சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு அவனுக்கு ஊட்டினார். அவ்வளவு தொதலை யார் தின்பது? மறுநாளும் அதற்கு மறுநாளும் அது இருந்தது. எறும்பு வந்ததும் உம்மா மிச்சத்தை எடுத்துத் துணியில் மூடி, ஊருக்குத் தெரியாமல் மாமி வீட்டு வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினார்.